கம்ப்ரஸரை முதலில் வைக்கச் சொன்ன மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் உன் வீட்டாரும், உன் ஸ்டூடியோவில் இருக்கிற அத்தனை ஒலிபெருக்கிகளும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அக்கா சௌக்கியம். நானும் சௌக்கியம் என்று வெளியில் சொல்லிக்கொள்ளும் நிலையில்தான் இருக்கிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். நீ போனில் எங்கே பேசுகிறாய்? ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு "ரெக்கார்டிங் போகுது அத்தான்" என்று வைத்துவிடுகிறாய். அதுவும் போக, இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அக்கா காதில் விழுந்துவிடும். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். பிளாட்பாரத்து இரைச்சலுக்கு நடுவிலும் எந்த என்ஜின் கூவுகிறது என்று பிரித்துச் சொன்ன காது அது. அதனால் அவள் ஒத்திகைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

நீ எனக்குச் சொன்ன அந்த ஒரு வாக்கியம் நினைவிருக்கிறதா? "அத்தான், கம்ப்ரஸரை முதல்ல வைங்க, கிடாருக்கு அடுத்து அதுதான்." அவ்வளவுதான் சொன்னாய். அதிலிருந்து இந்த வீட்டில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரிய வேண்டாமா? கொஞ்சம் ஆரம்பத்திலிருந்தே வருகிறேன், பொறுத்துக்கொள். உன் அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டில் ஓய்வாக இருப்பாள் என்று நான் நினைத்தேன். அவள் பேஸ் கிடார் வாங்கிக்கொண்டு வந்தாள். பாட்டுப் பாடலாமே, அவ்வளவு நல்ல குரல் இருக்கிறதே என்று கேட்டேன். "ஊரே என் குரலைக் கேட்டாச்சு. இனிமே யாரு கண்ணுக்கும் படாம ஒரு வேலை பார்க்கணும். பேஸ் வாசிச்சா ஒருத்தருக்கும் தனியா கேக்காது, நிறுத்தினாத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. எனக்கு அதுதான் வேணும்" என்றாள். அப்படித்தான் நம் தெருமுனைப் பேக்கரிக்காரரோடும் பல் டாக்டரோடும் கூட்டுச் சேர்ந்தாள். பேக்கரிக்காரர் டிரம்ஸ் வாசிப்பார். பல் டாக்டர் கிடார் வாசித்துக்கொண்டே பாடவும் செய்வார். ஒத்திகை பேக்கரியின் பின்கட்டில், மாவு மூட்டைகளுக்கு நடுவில். நான் ஆம்ப் என்கிற அந்தக் கனமான ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூக்குகிறவன். ஒரு நாள்கூட உட்காரச் சொல்லமாட்டார்கள். ஆனால் போகும்போது கிரீம் பன் கொடுப்பார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தாள், மறுபடியும் விழுந்தது. "என்னங்க, கை என் பேச்சைக் கேக்கலை" என்று அவள் சொன்ன விதத்தில் என் உயிர் பாதி போய்விட்டது. லேசான பக்கவாதம், சீக்கிரம் கூட்டி வந்தீர்கள், தப்பித்தீர்கள் என்றார் டாக்டர். நீகூட ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனாய். பேச்சு திரும்பியது, நடை திரும்பியது, கையும் திரும்பியது. வலது கை நடுவிரல் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. வேறு யாருக்காவது என்றால் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பேஸ் வாசிக்கிறவர்களுக்கு வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தானே இரண்டு கால்கள்? தந்தியின் மேல் மாற்றி மாற்றி எடுத்து வைத்து நடக்க வேண்டும். ஒரு காலுக்கு வலுவில்லை என்றால் என்ன ஆகும்? 'டம்' என்று ஒரு அடி, அடுத்த அடி 'ம்' என்று காற்றோடு போய்விடும். உன் அக்கா இதை அந்த இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. "பாவம்னு பார்ப்பாங்க. அதுக்கப்புறம் நான் தப்பா வாசிச்சாலும் நல்லா இருக்குன்னு சொல்லுவாங்க. அதைவிட நான் வாசிக்காமலே இருந்துடுவேன்" என்றாள். நூலகத்தின் புதுக் கட்டடத் திறப்பு விழாவில் இவர்கள் வாசிப்பதாக ஏற்பாடு. அதற்குள் சரியாகவில்லை என்றால் கிடாரை யாருக்காவது கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மாப்பிள்ளை. கிடார் உறையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். கம்ப்ரஸர் என்று ஒரு பெட்டி இருக்கிறது, பலமாக வருகிற சத்தத்தை அமுக்கும், மெலிதாக வருவதைத் தூக்கிவிடும் என்று நீ சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் குடிநீர் வாரியத்தில் குழாய்ப் பாதை வரைந்தவன். இதே வேலையைச் செய்கிற வால்வு எங்களிடமும் உண்டு. கீழ்த் தளத்தில் பீய்ச்சி அடிக்காமலும் மேல் தளத்தில் சொட்டாமலும் பார்த்துக்கொள்ளும். அடடா, இவ்வளவுதானா விஷயம் என்று கடைக்கு ஓடினேன். வாங்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தால், உன் அக்கா அட்டைப் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "பிரிட்ஜ் நல்லாத்தானே ஓடுது?" என்றாள். அதை மாடி வீட்டம்மா வாசல் வழியாகக் கேட்டுவிட்டு, எங்கள் பிரிட்ஜில் கம்ப்ரஸர் போய்விட்டது என்று முடிவு செய்து, தனக்குத் தெரிந்த மெக்கானிக்கை அனுப்பிவிட்டார். நல்ல மனுஷி, குறை சொல்லக் கூடாது. ஆனால் வந்த மெக்கானிக், நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியும் கேட்காமல் பிரிட்ஜை இழுத்துப் போட்டு, பின்பக்கம் காதை வைத்துக் கேட்டு, "இப்ப நல்லாத்தான் இருக்கு, ஆனா ரொம்ப நாள் தாங்காது" என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து ராத்திரி தண்ணீர் எடுக்கப் போனால்கூட பிரிட்ஜ் கதவை மெதுவாகத்தான் சாத்துகிறேன்.

சரி, நீ சொன்னபடியே கிடாருக்கு அடுத்ததாக அதை வைத்தோம். கிடார், கம்ப்ரஸர், அப்புறம் பல் டாக்டர் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுத்த வாவ் பெட்டி, அப்புறம் ஆம்ப். வாவ் பெட்டி என்பது இவர்கள் வைத்த பெயர். தந்தியை அழுத்தித் தட்டினால் 'வாவ்' என்று வாயைத் திறக்கும், மெதுவாகத் தட்டினால் 'வூ' என்று உதட்டோடு நிறுத்திக்கொள்ளும். வீட்டில் உன் அக்கா வாசித்துப் பார்த்தாள். டம் டம் டம் டம். மாப்பிள்ளை, எல்லா அடியும் ஒன்றுபோல விழுந்தது! அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. நான் சமையலறைக்குப் போய் இல்லாத வேலையைச் செய்துவிட்டு வந்தேன். மறுநாள் மத்தியானம், பேக்கரியில் அடுப்பு அணைந்த நேரத்தில், ராஜா மாதிரி ஆம்பைத் தூக்கிக்கொண்டு ஒத்திகைக்குப் போனேன். பாட்டு ஆரம்பித்தது. ஆரம்பித்த சூட்டிலேயே கோளாறு. முதலாவது, வாவ் பெட்டி. அதற்குப் போகிற சத்தத்தையெல்லாம் கம்ப்ரஸர் முன்கூட்டியே ஒரே அளவாகத் தட்டி அனுப்புவதால், அது வாயைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் பாதி திறந்தபடியே நின்றது. பாட்டு முழுக்க யாரோ கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்த மாதிரி இருந்தது. இரண்டாவது, பேக்கரிக்காரர். கடிகாரம் மாதிரி வாசிக்கிற மனுஷன், அன்றைக்குக் காலால் மிதிக்கிற பெரிய டிரம்மை இடம் மாற்றி மாற்றி மிதித்தார். நின்றார், ஆரம்பித்தார், மறுபடியும் நின்றார். "என்னன்னு தெரியலை சார், இன்னிக்கு எனக்குக் காலே சரியில்லை" என்று என்னிடம் வந்து சொன்னார். என்னிடம் ஏன் சொன்னார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பல் டாக்டருக்கு எந்தச் சாதனத்தைப் பார்த்தாலும் அபிப்பிராயம் உண்டு. "சார், கம்ப்ரஸரை முதல்லயா வெப்பாங்க? கடைசியில வெக்கணும். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு மொத்தமா அமுக்கணும்" என்றார். நானும், பாவம், படித்த மனுஷர் சொல்கிறாரே என்று கடைசியில், ஆம்புக்கு முந்தி வைத்தேன். மெலிதானதைத் தூக்குகிற குமிழையும் அவரே முழுசாகத் திருகிவிட்டார். இப்போது என்ன ஆயிற்று தெரியுமா? உன் அக்கா வாசிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் ஆம்ப் 'உஸ்ஸ்ஸ்' என்று சீறியது. மெலிதாக எது கிடைத்தாலும் தூக்கிவிடுகிற பெட்டியாயிற்றே, கேபிளில் ஓடுகிற இரைச்சலை, விளக்கின் ரீங்காரத்தை, வாவ் பெட்டி விடுகிற மூச்சை எல்லாம் தூக்கித் தூக்கி மேடையேற்றியது. "பாம்பு எதுவும் புகுந்திருக்கா?" என்று கடையில் ரொட்டி வாங்க வந்தவர் எட்டிப் பார்த்தார். இந்தச் சீறலுக்கு நடுவில் உன் அக்கா தடித்த தந்தியில் ஆள்காட்டி விரலால் ஒரு போடு போட்டாள். பின்கட்டே அதிர்ந்தது. சுவரோரம் இருந்த அலமாரியின் மேல்தட்டில் வாய் கட்டாத ஒரு மாவு மூட்டை இருந்திருக்கிறது. அது மெல்ல ஆடி, யோசித்து, நேராகப் பல் டாக்டர் தலையில் கவிழ்ந்தது. அவர் பாடுவதற்காக வாயைத் திறந்து வைத்திருந்தார். மிச்சம் எங்கள் மூன்று பேர் மேலும் வந்து படிந்தது. அந்தச் சமயம் பார்த்து அவருடைய கிளினிக்கிலிருந்து ஆள் வந்து, "டாக்டர், வேர் சிகிச்சைக்கு வந்தவங்க காத்துட்டு இருக்காங்க" என்றார். மனுஷர் அப்படியே போனார். சிகிச்சைக்கு வந்த அம்மா, அவர் தலை முதல் கால் வரை வெள்ளையாக உள்ளே நுழைவதைப் பார்த்துவிட்டு, வலி நின்றுவிட்டது என்று சொல்லிப் போய்விட்டாராம்.

நான் விடுவேனா? வீட்டுக்கு வந்ததும் பழைய வரைபடத் தாள்களை விரித்தேன். கிடாரைத் தண்ணீர்த் தொட்டியாகவும், ஆம்பைத் தெருக் குழாயாகவும் வைத்து, நடுவில் வால்வு எங்கெங்கே வரலாம் என்று எல்லா விதமாகவும் வரைந்தேன். முதலில் வைத்தால் பின்னால் வருகிறவை எல்லாம் சீரான அழுத்தத்தில் ஓடும், ஆனால் விரலின் குணம் எதுவும் தாண்டிப் போகாது. கடைசியில் வைத்தால் விரலின் குணம் வாவ் பெட்டி வரை போகும், ஆனால் அழுக்கும் சேர்ந்தே பெருகும். ஆம்பின் முதுகுப் பக்கம் இரண்டு துளைகள் இருக்கின்றனவே, அதற்குள் நுழைத்தால் என்ன என்று அதற்கும் தனியாக ஒரு தாள் போட்டேன். சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமில்லை. உன் அக்கா கொஞ்ச நாள் பொறுத்தாள். ஒரு நாள் நான் ஒரு வரைபடத்தை நீட்டி, "இதைப் பாரேன், இந்த இடத்துல வெச்சா உன் விரல் சரியில்லைங்கிறது ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன். சொல்லிய பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க தேடுறது கம்ப்ரஸரை எங்க வெக்கிறதுங்கிறதையா, இல்லை என் விரலை எங்க ஒளிச்சு வெக்கிறதுங்கிறதையா?" என்று கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. ரயில் தாமதமாக வரும் என்பதை அறிவிக்கிற அதே நிதானமான குரலில் கேட்டாள். "நீதானே யாருக்கும் தெரியக் கூடாதுன்னே?" என்றேன். "சொன்னேன். நான் சொன்னா நீங்க அப்படியே கேட்டுக்கறதா? இத்தனை வருஷத்துல என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?" என்றாள். நியாயமான கேள்விதான். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளுக்கும் இறங்கவில்லை. வரைபடங்களைச் சுருட்டி நாற்காலிக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த ஒத்திகையில் அவள் கிடாரை மாட்டிக்கொள்ளவே இல்லை. மாவு மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து, "உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். பிரஷ் விழுந்த காலையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். நடுவிரலை நீட்டிக் காட்டினாள். நான் மாவு அரிக்கிற சல்லடையை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் முடித்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேக்கரிக்காரர்தான் வாயைத் திறந்தார். "அக்கா, எங்களுக்குத் தெரியும்" என்றார். "என்ன தெரியும்?" "நீங்க மழை முடிஞ்சு திரும்பி வந்த அன்னிக்கே தெரியும். உங்க நோட்டு ஒண்ணு கனமா விழுது, அடுத்தது லேசா விழுது. நான் என்ன பண்ணேன், கனமா விழுற இடத்துல எல்லாம் என் காலைக் கொண்டு வந்து வெச்சேன். லேசா விழுற இடத்துல ஒண்ணும் அடிக்காம ஒதுங்கிக்கிட்டேன், அது கேக்கணும்ல? வீட்டுல தலையணையைத் தட்டித் தட்டிப் பழகினேன். பழகிப் பார்த்தா, முன்ன இருந்ததைவிட நல்லா இருந்துச்சு அக்கா, சத்தியமா. ஒரு ஆட்டம் வந்துருச்சு. அப்புறம் ஒரு நாள் சார் அந்தப் பெட்டியைக் கொண்டாந்து வெச்சாரு. எல்லா நோட்டும் ஒரே கனம். எனக்குக் காலை எங்க வெக்கிறதுன்னே தெரியலை." பல் டாக்டர் கிடாரின் தந்தியைத் துடைப்பது மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, "நான் பல்லைப் பார்க்கறவன்னாலும் டாக்டர்தானே மேடம். டீ கிளாஸை இடது கையால எடுக்கறீங்க. கேக்கலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சோம். நீங்களே சொல்ற வரைக்கும் விட்டுடலாம்னு பேசி வெச்சிக்கிட்டோம்" என்றார்.

உன் அக்கா அழப் போகிறாள் என்று நான் கைக்குட்டையை எடுத்தேன். அவள் சிரித்தாள். மூட்டையிலிருந்து மாவு பறக்கிற அளவுக்குச் சிரித்தாள். "அப்போ உங்களுக்குத் தெரியாதுன்னு நான் மறைச்சேன், எனக்குத் தெரியாம நீங்க சரி பண்ணீங்க, ரெண்டுக்கும் நடுவுல இந்த மனுஷன் பெட்டியைக் கொண்டாந்து வெச்சு எல்லாத்தையும் கெடுத்தாரு" என்று என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள். எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. ஏதோ பாரம் இறங்கின மாதிரி நானும் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். முதல் தடவையாக யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. பிறகு ஒரு சமரசத்துக்கு வந்தோம். கம்ப்ரஸர் வாவ் பெட்டிக்குப் பின்னால், ஆம்புக்கு முன்னால் இருக்கட்டும். குமிழை முழுசாகத் திருகாமல், லேசாகத் தொட்டால் போதும். விரலின் குணமும் தெரியும், சீறலும் வராது, பேக்கரிக்காரருக்கும் காலை வைக்க இடம் கிடைக்கும். இதற்கு நான் வரைந்த படத்தைப் பேக்கரிக்காரர் அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிக்கூட வைத்தார். உன் யோசனையை மாற்றிவிட்டோமே என்று வருத்தப்படாதே. நீ விரலைப் பார்க்காமல் சொன்னாய், உன் மேல் தப்பில்லை.

விழா நாள் வந்தது. நூலகத்தின் புதுக் கூடம், இன்னும் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. ரயில் நிலையத்தில் இவளோடு வேலை பார்த்தவர்கள் எல்லாம் முன்வரிசையை முன்கூட்டியே வந்து பிடித்துவிட்டார்கள். ரயிலுக்கே சீட்டு கொடுக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? நான் மேடையில் பெட்டிகளை வரிசையாக வைத்து, துணியால் துடைத்து, ஒவ்வொரு கேபிளாகச் சொருகினேன். அப்புறம் கீழே இறங்கி பேக்கரிக்காரருக்கு டிரம்ஸ் ஸ்டாண்ட் எடுத்துக் கொடுக்கப் போனேன். நூலகர் வரவேற்றுப் பேசினார். பேக்கரிக்காரர் குச்சியைத் தட்டி எண்ணினார். பல் டாக்டர் ஆரம்பித்தார். உன் அக்கா தந்தியைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, அது இல்லாமல் போனால் ஒரு திடுக்கு வருமே, கூடம் முழுக்க அந்தத் திடுக்கு வந்தது. நிறுத்தினால்தான் தெரியும் என்று இவள் சொன்னது எவ்வளவு உண்மை! நான் மேடைக்குப் பாய்ந்தேன். பாய்ந்த வேகத்தில் நூலகரின் நாற்காலி சரிந்தது, அவர் கையிலிருந்த தண்ணீர் கிளாஸ் அவர் சட்டையிலேயே கொட்டியது. மண்டியிட்டு கேபிள்களைத் தடவுகிறேன், எது எங்கே போகிறது என்று ஒன்றும் புலப்படவில்லை. வரைந்து வரைந்து மனப்பாடமான பாதை, மாப்பிள்ளை! உன் அக்கா குனிந்து என் தோளைத் தொட்டாள். "விடுங்க. எல்லாத்தையும் கழட்டுங்க. கிடாரை நேரா ஆம்ப்ல சொருகுங்க" என்றாள். "பெட்டி?" என்றேன். "பெட்டி வேண்டாம்" என்றாள். சொருகினேன்.

அப்புறம் அவள் வாசித்தாள். எந்தப் பெட்டியும் இல்லாமல், வெறும் விரலும் தந்தியும் ஆம்பும். கனமான அடி விழும்போது பேக்கரிக்காரர் கால் கூடவே விழுந்தது. லேசான அடி வரும்போது அவர் கையைத் தூக்கிக்கொண்டார், பல் டாக்டரும் தந்தியைக் கையால் பொத்திக்கொண்டார். அந்தச் சின்ன இடைவெளியில் உன் அக்காவின் நடுவிரல், இருக்கிற பலத்தை வைத்துக்கொண்டு, 'ம்' என்றது. அதைக் கேட்பதற்காகக் கூடமே கொஞ்சம் முன்னால் சாய்ந்ததை நான் மேடைக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன். சாய்ந்து கேட்டவர்கள் அடுத்த கனமான அடிக்கு நிமிர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் முன்வரிசையே அப்படி ஆடிக்கொண்டிருந்தது. சட்டை நனைந்த நூலகரும் ஆடினார். தினம் தினம் ஆம்பைத் தூக்கிச் சுமந்தும், பேஸ் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. பாட்டு முடிந்ததும் அவளோடு வேலை பார்த்த ஒரு அம்மா எழுந்து நின்று, "இப்பதான்டி உன் நிஜக் குரலைக் கேக்கறேன்" என்று கத்தினார். உன் அக்கா என் பக்கம் திரும்பி, ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறவள் மாதிரி சிரித்தாள்.

இப்போது நான் இந்தக் கடிதம் எழுத வேண்டிய காரணத்துக்கு வருகிறேன். விழா முடிந்து சுருட்டி எடுத்து வைக்கும்போது பார்த்தேன். வாவ் பெட்டிக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவில் இருந்த கேபிள் பாதி வெளியே வந்திருந்தது. பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. நான்தான் சரியாக அழுத்திச் சொருகவில்லை. குழாய் இணைப்பில் கசிவு விடாமல் உத்தியோகம் பார்த்தவன், என் சொந்த மனைவியின் மேடையில் இணைப்பை விட்டுவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பெட்டி செத்துப்போச்சும்மா, உள்ளே ஏதோ கருகியிருக்கு" என்று சொல்லிவிட்டேன். "அப்படியா, பாவம்" என்றாள். இப்போது அது அலமாரிக்கு மேல், பழைய சூட்கேஸுக்குப் பின்னால் இருக்கிறது. பேஸ் கிடாருக்குக் கம்ப்ரஸரை எங்கே வைக்க வேண்டும் என்று இனி யார் என்னைக் கேட்டாலும் அந்த இடத்தைத்தான் சொல்வேன். உன்னிடம் கேட்பது ஒரே ஒரு உதவி. அக்கா உனக்குப் போன் செய்து கேட்டால், ஆமாம், அந்த மாதிரிப் பெட்டிகள் அப்படித்தான் திடீரென்று கருகும் என்று சொல்லிவிடு. உனக்கு ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு போனை வைக்கிற பழக்கம் இருப்பதால் சுலபமாகத்தான் இருக்கும்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் உன் வீட்டு வாண்டுகளுக்கு என் முத்தத்தையும் சேர்த்துவிடு. உன் காது பத்திரம். நீங்கள் எல்லோரும் எந்தக் குறையுமில்லாமல், ஏற்ற இறக்கத்தோடு, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுகிறேன். ஒத்திகையிலிருந்து வந்தால் உன் அத்தான் தபால்தலை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார், கடிதம் செய்தித்தாளுக்கு அடியில் இருக்கிறது. அவர் எதை ஒளித்தாலும் செய்தித்தாளுக்கு அடியில்தான் ஒளிப்பார். முழுக்கப் படித்துவிட்டேன். இந்தத் தாளைக் கடிதத்துக்குள் மடித்து வைத்துவிடுகிறேன், அவர் மறுபடி பிரித்துப் பார்க்க மாட்டார். அந்தக் கேபிளை அவர் நன்றாக அழுத்தித்தான் சொருகினார். நான்தான் அவர் ஸ்டாண்ட் எடுக்க இறங்கின நேரம் பார்த்துப் பாதி உருவி விட்டேன். சொருகுவதற்கு முன் அவர் அந்தப் பெட்டியைத் துடைத்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும், குழந்தைக்கு மூக்கைத் துடைப்பது மாதிரி. அவரிடம் போய், வேண்டாம், இன்றைக்கு என் விரலோடு மட்டும் வாசிக்கிறேன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாற்காலியைத் தள்ளுவார், நூலகரை நனைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டி சாகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர் நடக்கப் போகிற நேரத்தில் அதை எடுத்து மாட்டிக்கொண்டு வாசிக்கிறேன். நீ சொன்ன மாதிரி கிடாருக்கு அடுத்துதான் வைத்திருக்கிறேன். விரல் களைத்துப் போகிற நாளில் அது ஒரு துணை. கொட்டாவி விடுகிற வாவ் பெட்டியைத்தான் பல் டாக்டருக்குத் தெரியாமல் கழற்றிவிட்டேன். அத்தான் கேட்டால், பெட்டி கருகித்தான் போயிருக்கும் என்று சொல். இத்தனை நாளில் அவர் என்னிடம் சொன்ன முதல் பொய், அதைக் கெடுக்காதே. இந்த எழுத்து ஒன்று அழுத்தியும் ஒன்று மெலிந்தும் இருக்கும். வாசிக்க முடிகிறதல்லவா, அது போதும்.